சம்மந்தி வீட்டு நாற்காலி

என் மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒன்பது நாற்காலிகள் இருந்தன. உட்காருவதற்கென்று ஒன்றும் இல்லை.

நாகூரில் அந்த வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் நிலைப்படியிலேயே நின்றுவிடுவார்கள். அப்படி ஒரு கூடம். இடது கைப்பக்கம் ரங்கூன் தேக்கில் வட்ட முதுகு வைத்த நாற்காலிகள். நடுவில் பளிங்குப் பலகை பதித்த முக்காலி. எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி, ரசம் அங்கங்கே உரிந்து கறுப்புப் பொட்டு விழுந்தது. அதற்குக் கீழே, தரங்கம்பாடிப் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது ஏலத்தில் எடுத்த சாய்வு நாற்காலி. பினாங்கிலிருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்த எனாமல் அடுக்குப் பாத்திரம். அதில் இப்போது காகிதப்பூக் கொத்து. எல்லாம் மாமியார் ஹபீபுன்னிசா பார்த்துப் பார்த்து வாங்கியவை. எந்தச் சாமான் எந்த வெளிச்சத்தில் நிற்க வேண்டும், எதற்குப் பக்கத்தில் எது வரக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கூட்டிப் பெருக்க வருகிற பெண் ஒரு முக்காலியைச் சாண் அளவு நகர்த்தி வைத்தாலும் அடுக்களையிலிருந்து வரும்போதே கண்டுபிடித்துவிடுவார்.

விருந்தாளிகள் யாராவது உட்காரப் போனால், "அதுல வேண்டாம், கால் ஆடும்" என்பார். அடுத்ததற்குப் போனால், "அது பிரம்பு இத்துப்போச்சு, இப்படி வாங்க" என்பார். இப்படியே போய்ப் போய் கடைசியில் எல்லோரும் பக்கத்து அறையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

மாமனார் மூஸாவுக்குக் கொல்லைப்பக்க வராந்தாவில், துணி துவைக்கிற மெஷினுக்கு அருகில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. "புரூணைல பாதி ஆயுசு நின்னுக்கிட்டே வேல பாத்தேன், மாப்ள," என்று என்னிடம் சொன்னார். "ஊருக்குப் போனா உக்காரலாம்னு நெனச்சேன். வந்து பாத்தா வூடு மியூசியமா இருக்கு."

இந்தக் கூடத்துக்குத்தான் என் அம்மா எங்கள் அத்தாவின், இறந்துபோன அப்பாவின், நாற்காலியை அனுப்பிவைத்தார்.

எங்கள் ஊர் பாபநாசம். அத்தா காதர் மைதீன் அங்கே நெல் மண்டி வைத்திருந்தார். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும். நாகூரில் என் மனைவி ஷமீராவின் குடும்பத்தில் அப்படி இல்லை. வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அவருக்கென்று ஓர் அறையைப் பெண் வீட்டார் ஒதுக்கி, கட்டிலிலிருந்து சீப்பு வரை வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்கு நாகப்பட்டினத்தில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிற கடையில் வேலை. நாகூரிலிருந்து போய்வர வசதி. அதனால் அம்மாவும் இதற்குச் சம்மதித்தார்.

கல்யாணப் பேச்சு முடிந்த அன்று ஹபீபுன்னிசா மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க ஒண்ணும் அனுப்ப வேண்டாம், சம்மந்தி. புள்ளைய மட்டும் அனுப்புங்க."

நாகூரில் அது கட்டளை. பாபநாசத்தில் அது மரியாதைப் பேச்சு. எங்கள் தெருவில் 'ஒண்ணும் வேண்டாம்' என்று சொன்னவர் வீட்டுக்குத்தான் இரண்டு கூடை அதிகமாகப் போகும். அம்மா மெஹராஜ் பேகம் வீடு திரும்பும் வழியிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பெத்த புள்ளைய வெறுங்கையோட அனுப்புனா நாளைக்கி நாலு பேரு என்ன சொல்லுவாங்க? கட்டில் பீரோ எல்லாம் அவங்க போட்டுட்டாங்க. நான் என்னத்தப் போடுறது?"

"ஒண்ணும் வேண்டாம்மா. அவங்கதான் சொன்னாங்கள்ல."

"சொல்லத்தான் செய்வாங்க. உங்க அத்தா இல்லாத கல்யாணம்டா இது. அவரு நாற்காலியாச்சும் ஒங்கூட இருக்கட்டும்."

நிக்காஹ் முடிந்த மறுவாரம் நான் நாகூரில் இருந்தபோது குட்டியானை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்னால் ஒரு சாக்கு புது அரிசி, பழக்கூடைகள், எல்லாவற்றுக்கும் மேலே கயிற்றால் கட்டிய நாற்காலி.

அதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இரும்புக் குழாய்ச் சட்டம். பச்சையும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் வயர் பின்னிய இருக்கை. இரண்டு பக்கமும் வேங்கை மரத்தில் அகலமான கைப்பிடி. எந்தக் கடைக்காரனும் அதைப் பழம்பொருள் என்று சொல்ல மாட்டான். ஆனால் வலது கைப்பிடியில் ஒரு பள்ளம் இருந்தது. அத்தா மூட்டையில் குத்தூசியைச் செருகி, நாலு நெல் எடுத்து, அந்த இடத்தில் வைத்து ஒரு சிறு கட்டையால் தேய்ப்பார். உமி உதிரும். அரிசியை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பார். அதன்பிறகுதான் விலை பேசுவார். மண்டி இருந்தவரை அந்த ஒரே இடத்தில்தான் தேய்த்தார். மரம் குழிந்து, கூழாங்கல் போல வழவழப்பாகிவிட்டது.

அன்று மாமியாரின் அக்கா வந்திருந்தார். வண்டியிலிருந்து நாற்காலி இறங்குவதைப் பார்த்து, தலைத்துப்பட்டியைச் சரிசெய்தபடி கேட்டார்: "என்ன ஹபீபு, பாவநாசத்துல மாப்பிள்ளையோட நாற்காலியும் சேத்துத்தான் குடுப்பாங்களா? நம்ம வூட்டுல அவருக்கு உக்கார எடமில்லன்னு சம்மந்தியம்மாவுக்கு யாரு சொன்னது?"

மாமியார் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "உள்ள வைங்க, உள்ள வைங்க," என்று வண்டிக்காரரிடம் சொன்னார். அவர் கை காட்டிய திசை கூடத்தைத் தாண்டி, எங்கள் அறையையும் தாண்டி, கொல்லை வராந்தாவுக்குப் போனது. மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியை வைத்து மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டார்கள்.

எனக்கு விஷயம் ஷமீரா சொல்லித்தான் புரிந்தது.

"உங்க அம்மா பிரியமாத்தான் அனுப்பியிருக்காங்க, மச்சான். எனக்குத் தெரியிது. ஆனா இங்க மாப்பிள்ள வூட்டு சாமான் வந்தா, பொண்ணு வூட்டுக்காரங்க கொறை வச்சிட்டாங்கன்னு அர்த்தம். பெரியம்மா இன்னிக்கி ஊரெல்லாம் சொல்லிடுவாங்க."

"அப்ப திருப்பி அனுப்பிடலாமா?"

"அதெப்படி? திருப்பி அனுப்புனா உங்க வூட்டுக்கு மரியாத இல்ல. கூடத்துல போட்டா எங்க வூட்டுக்கு மரியாத இல்ல."

"நம்ம ரூம்ல, ஜன்னல் பக்கம்?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அந்த அறையை அவளும் அவள் உம்மாவும் ஒரு வருஷமாகச் சேர்ந்து அமைத்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் ஓர் எழுத்து மேசை இருந்தது, யாரோ ஒரு தாசில்தார் உபயோகித்தது என்று பெயர். அதன் இழுப்பறைகளில் ஒன்றுகூடத் திறக்காது.

மறுநாள் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் போர்வையை விலக்கிப் பள்ளத்தைக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தாள்.

"எண்ணெ விளக்கு வச்ச எடமா?"

"இல்ல. அத்தா நெல் தேச்சுப் பாப்பாங்க."

இன்னொரு தடவை விரலை ஓட்டினாள். பிறகு என்னைக் கூடத்துக்கு அழைத்துப்போய், மூலையில் வெள்ளைப் பூப்பின்னல் துணி போர்த்தியிருந்த ஒரு சின்ன நாற்காலியைக் காட்டினாள். உயரம் குறைவு, கைப்பிடி கிடையாது. மூன்று கால்கள் கறுத்த மரம். ஒரு கால் மட்டும் வெளிர் நிறம்.

"இந்தக் கூடத்துல உம்மாவோட சொந்தச் சாமான் இது ஒண்ணுதான்," என்றாள்.

மாமியாரின் கல்யாணத்துக்கு அவர் தகப்பனார் செய்து போட்ட அறைச் சாமான்களில் அதுவும் ஒன்று. அப்போது அவர்கள் வீடு கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. சுனாமியில் கட்டில், பீரோ, கண்ணாடி மேசை எல்லாம் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு, எங்கேயோ ஒரு வேலியில் சிக்கிக்கிடந்த இந்த நாற்காலி மட்டும் கிடைத்தது, ஒரு கால் இல்லாமல். தெரிந்த ஆசாரி ஒருவர் கிடைத்த மரத்தில் கால் போட்டுக் கொடுத்தார்.

"அதுக்கப்புறம்தான் பழைய சாமான் வாங்க ஆரம்பிச்சாங்க. வாப்பா புரூணைலேருந்து பணம் அனுப்பிப் புதுசா வாங்கச் சொன்னாங்க. உம்மா கேக்கல. புது சாமான் வச்சா ஓட்டல் ரூம்ல இருக்க மாதிரி இருக்காம்."

அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கூடத்தின் மேல் இருந்த எரிச்சல் குறைந்தது. ஆனால் நாற்காலி போர்வைக்குள்ளேயேதான் இருந்தது.

அம்மா போன் செய்யும்போதெல்லாம் சாப்பாடு, வெயில், வேலை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்பார்: "நாற்காலிய எங்க போட்டிருக்க?"

"பத்திரமா இருக்கும்மா."

"பத்திரமா இருக்கான்னு நான் கேக்கல. எங்க போட்டிருக்கன்னு கேட்டேன்."

"காத்து நல்லா வர்ற எடம்மா," என்பேன். கொல்லையில் காற்றுக்குக் குறைவில்லைதான்.

இதற்கிடையில் மாமனார் ஒரு காரியம் செய்தார். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன்: போர்வை மடித்து மெஷின் மேல் இருக்கிறது, அவர் அத்தாவின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். டீ கிளாஸ் வலது கைப்பிடியின் பள்ளத்தில் பாந்தமாக உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அவர் கண்ணைத் திறந்து பார்த்து எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்க மாமா."

"கோவிச்சுக்காதீங்க, மாப்ள. பிளாஸ்டிக் நாற்காலி இடுப்புல புடிக்கிது. இது இருக்கே, ஆள அப்புடியே ஏந்திக்கிது. உங்க அத்தா நல்ல ஒடம்போ?"

"ஆமா. ஒங்க அளவு இருப்பாங்க."

"அதான் பாத்தேன். எனக்குன்னு அளவெடுத்த மாதிரி இருக்கு. கிளாஸ் வக்கிறதுக்குக் கூட எடம் பண்ணி வச்சிருக்காரு, புண்ணியவான்."

அது கிளாஸ் வைக்கிற இடம் இல்லை என்று நான் அப்போது சொல்லவில்லை. அன்று முதல் அது அவர் இடமாயிற்று. போர்வை திரும்பிப் போகவில்லை. ஒரு மாதிரி சமாதானமாகவும் இருந்தது, ஒரு மாதிரி சங்கடமாகவும் இருந்தது.

பிறகு நாகூர் தர்காவின் கந்தூரித் திருவிழா வந்தது. கொடியேறுவதற்கு முன்பே அம்மா போனில் சொல்லிவிட்டார்: "சந்தனக்கூட்டுக்கு வரேன். அப்புடியே ஒங்க அத்தா நாற்காலியையும் பாத்துட்டு வந்துடுறேன்."

நான் ஷமீராவிடம் சொன்னேன். ஷமீரா உம்மாவிடம் சொன்னாள். மாமியார் அன்று முழுக்கக் கூடத்துச் சாமான்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை சேக் தாவூது வந்தார்.

சேக் தாவூதுதான் மாமியாருக்குப் பழஞ்சாமான்கள் கொண்டுவந்து கொடுப்பவர். மாமியார் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பார். வாய் ஓயாத மனிதர். ஒரு சாமானைப் பார்த்தால் அது எந்த ஊர், எந்தக் காலம், எப்படிக் கைமாறியது என்று கதை தயாராக இருக்கும். அடுத்த வாரம் கேட்டால் வேறு கதை. மாமியார் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் நாற்காலியைக் காட்டினார். மாமனார் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு அரைமனதாக எழுந்து நின்றார்.

"நானா, இத நீங்க எடுத்துட்டுப் போய் ஒரு கை பாத்துக் கொண்டாங்க," என்றார் மாமியார். "கூடத்துல போடுற மாதிரி இருக்கணும். யாரு கேட்டாலும் ஒங்க கடைல வாங்கினதுன்னு சொல்லிக்குவேன். சம்மந்தி வந்தா அவங்களும் பாத்து சந்தோஷப்படுவாங்க."

அவர் இரண்டு வீட்டு மரியாதையையும் காப்பாற்ற வழி தேடியிருக்கிறார் என்று புரிந்தது.

சேக் தாவூது நாற்காலியைச் சுற்றிவந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார். "சாமானுக்கு வயசு ஏத்துறது என் தொழிலு, தங்கச்சி. ஆனா பிளாஸ்டிக் வயருக்கு நான் எப்புடி வயசு ஏத்துவேன்? டச்சுக்காரன் பின்னுனதுன்னு சொல்லவா?"

"வெளையாடாதீங்க நானா."

"சரி, கேளுங்க. வயர அறுத்துட்டுப் பிரம்பு பின்னிடலாம். குழாய மரச்சட்டத்துக்குள்ள மறைச்சிடலாம். கைப்புடி நல்ல வேங்க. இதுல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சு, இழைச்சு, கறுப்புப் பாலீஷ் ரெண்டு கை குடுத்தா, கொச்சிலேருந்து வந்ததுன்னு அடிச்சுச் சொல்லலாம்."

"பள்ளத்த அடைக்க வேண்டாம்," என்றேன்.

அந்த வீட்டில் நான் அதுவரை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன மாப்ளே?" என்றார் மாமியார்.

"எதை வேணாலும் மாத்துங்க, மாமி. அது மட்டும் இருக்கட்டும். அத்தா நெல் தேச்ச எடம் அது."

மாமியார் குனிந்தார். அதுவரை அவர் அந்த நாற்காலியைத் தொட்டதே இல்லை என்று நினைக்கிறேன். பெருவிரலைப் பள்ளத்தில் வைத்து, அது எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் சரிவு என்று தடவிப் பார்த்தார்.

"வலது கையால தள்ளித் தள்ளித் தேச்சிருக்காங்க," என்றார். "முன்பக்கம்தான் தேஞ்சிருக்கு."

"ஆமா மாமி. அப்புடித்தான் தேப்பாங்க."

அவர் நிமிர்ந்து கூடத்துப் பக்கம் பார்த்தார். "அங்க நிக்கிற சாமான் எல்லாத்துலயும் இப்புடி ஒரு தேஞ்ச எடம் இருக்கு. அத பாத்துத்தான் நான் வாங்குவேன். இந்த நானா சொல்ற கதைய நான் நம்புறதில்ல."

"அட!" என்றார் சேக் தாவூது.

"யாரு கை, யாரு முதுகுன்னு எனக்குத் தெரியாது. நானே ஒரு ஆள நெனச்சுக்குவேன். அந்த ரங்கூன் நாற்காலிக்காரரு ஒரு கால மடிச்சு மேல வச்சு உக்காருவாருன்னு. அந்த மேசைக்காரரு இடதுகைக்காரருன்னு." கொஞ்சம் சிரித்தார். "இதுலதான் ஆளு யாருன்னே தெரிஞ்சிருக்கு. இதப் போயி அடைக்க இருந்தோமே."

"அப்ப அப்புடியே கூடத்துல போட்டுடலாமா உம்மா?" என்றாள் ஷமீரா.

மாமியார் தலையை ஆட்டினார். "அது வேற, இது வேற. நாளைக்கி எங்க அக்கா வந்து ஒரு வார்த்த சொன்னா, அது எனக்கில்ல, ஒனக்குத்தான் தைக்கும். சம்மந்தி வூட்டு சாமான் சம்மந்தி வூட்டு சாமான்தான்."

மாமனார் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அங்கேருந்து ஒண்ணு வந்துச்சுல்ல? ஒம்பதுல ஒண்ணத் தூக்கி அங்க அனுப்பு. சரியாப் போயிரும். எனக்கும் நடக்க எடம் கெடைக்கும்."

"நீங்க சும்மா இருங்க," என்றார் மாமியார்.

சேக் தாவூது வெறுங்கையோடு போனார். நாற்காலி வராந்தாவிலேயே இருந்தது.

சந்தனக்கூட்டுக்கு முதல் நாள் காலை அம்மா வந்து இறங்கினார். தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். மாமியார் வாசலுக்கே போய்க் கட்டிப்பிடித்து அழைத்துவந்தார். மாமியாரின் அக்காவும் வந்திருந்தார். பக்கத்து அறையில் ஜமுக்காளம், தண்ணீர், ரோஸ்மில்க், வட்டலப்பம் எல்லாம் ஆயிற்று. அம்மா எல்லாவற்றையும் நன்றாயிருக்கிறது நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "எங்கடா காத்து வர்ற எடம்?" என்றார்.

நான் எழுவதற்குள் அவரே எழுந்து காற்று வந்த திசையில் நடந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

வராந்தாவில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தாவின் நாற்காலியில் மாமனார் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளத்தில் காலி டீ கிளாஸ்.

அம்மா நின்றார். மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன்.

மாமனாருக்கு விழிப்பு வந்துவிட்டது. தடுமாறி எழப்போனார்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார் அம்மா. "பின்பக்கம் வயர் தளந்திருக்கும். சடக்குனு எந்திரிச்சா புடிச்சுக்கும். அவருக்கும் அப்புடித்தான்." கிளாஸைப் பார்த்தார். "டீ கிளாஸையும் அங்கதான் வைப்பாரு, நெல்லு பாக்காத நேரத்துல. நான் திட்டிக்கிட்டே இருப்பேன்."

அது எனக்கே தெரியாது. நான் மண்டியில் பார்த்ததெல்லாம் நெல் தேய்ப்பதைத்தான்.

"சம்மந்தி," என்று தொடங்கினார் மாமியார். குரல் இறங்கியிருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. இங்க போட்டு வச்சிருக்கேனேன்னு…"

"என்ன தப்பு? நாற்காலில ஆளு இருக்காருல்ல. எங்க வூட்டுல அது சும்மா கெடந்தது, பாக்கவே முடியல. அதான் அனுப்பி வச்சேன்."

மாமியார் மெஷினை நிறுத்தினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பாமலேயே, அவருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சம்மந்தி, எங்க கூடத்துலேருந்து ஒரு நாற்காலிய நீங்க எடுத்துக்கிட்டுப் போவணும். எது புடிக்கிதோ அது. ஒண்ணுக்கு ஒண்ணு. அப்பத்தான் இது எங்க வூட்டுது ஆவும், நான் கூடத்துல போடுவேன்."

"அய்யய்யோ, ஒண்ணும் வேண்டாம் சம்மந்தி."

மாமியார் முகம் விழுந்துவிட்டது. அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் குறுக்கே புகுந்தேன். "மாமி, எங்க பக்கம் மூணு தரம் வேண்டாம்னு சொல்லாம எதையும் வாங்க மாட்டாங்க. இது மொதத் தரம்."

"டேய்!" என்றார் அம்மா.

மாமனார் நாற்காலியிலிருந்தபடியே, "சீக்கிரம் மிச்ச ரெண்டையும் சொல்லிடுங்க சம்மந்தி, சோறு ஆறுது," என்றார். மாமியாரின் அக்காகூடச் சிரித்துவிட்டார்.

கூடத்துக்கு வந்தோம். அம்மா ஒரு சுற்று பார்த்தார். பிறகு ஒருவரும் எதிர்பாராதபடி, முதல் ரங்கூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"சம்மந்தி, அது ஆடும்!"

"ஆடுதான்னு உக்காந்தாத்தான தெரியும்? மூட்டைய வெளிலேருந்து பாத்தா நெல்லு வாங்குவாங்க? குத்தூசி போட வேண்டாம்?"

ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தார். இத்துப்போன பிரம்பு கிறீச்சிட்டது, அறுந்துபோகவில்லை. பங்களா நாற்காலியில் சாய்ந்து, எழ முடியாமல் ஷமீரா கைகொடுக்க வேண்டியிருந்தது. மாமியார் ஒவ்வொரு நாற்காலிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அம்மா மூலைக்குப் போனார். வெள்ளைத் துணி போர்த்திய சின்ன நாற்காலி. அதன் கதை அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

"இது யாரும் உக்காராம மூடி வச்சிருக்கா?"

ஷமீரா வாயெடுத்தாள். மாமியார் அவள் கையைத் தொட்டு நிறுத்தினார். தானே போய்த் துணியை எடுத்தார். "உக்காந்து பாருங்க, சம்மந்தி."

அம்மா குள்ளம். அதுவரை உட்கார்ந்த எதிலும் அவர் கால் தரையில் படவில்லை. இதில் இரண்டு பாதமும் படிந்து உட்கார்ந்தன. "அப்பாடி," என்றார். "இதுதான் எனக்குன்னு பண்ணுனது மாதிரி இருக்கு."

"எடுத்துக்குங்க," என்றார் மாமியார்.

அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். குனிந்து, வெளிர் நிறமான அந்த ஒரு காலைப் பார்த்தார். பிறகு மாமியாரின் முகத்தை.

இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"இல்ல சம்மந்தி, இது ஆடுது," என்று சொல்லி எழுந்துவிட்டார்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்த நாற்காலி ஆடவில்லை.

"எனக்கு அந்த மொத நாற்காலியே போதும்," என்று அம்மா ரங்கூன் நாற்காலியைக் காட்டினார். கூடத்திலேயே அதிகமாக ஆடுவது அதுதான். மாமியார் துணியைத் தன் சின்ன நாற்காலியின் மேல் மறுபடி விரித்து, நுனிகளை இழுத்துச் சரி செய்தார். அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். திரும்பியபோது அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

சந்தனக்கூடு முடிந்து அம்மா ஊருக்குப் போனபோது வண்டியில் ரங்கூன் நாற்காலியும் போனது. அன்றைக்கே மாமியார் கூடத்தை மாற்றி அமைத்தார். பங்களா நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார். அத்தாவின் நாற்காலியைக் கண்ணாடிக்குக் கீழே போட்டுப் பார்த்தார், திருப்தியில்லை. ஜன்னலுக்கு எதிரே போட்டார். தள்ளி நின்று பார்த்து, என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க மாப்ளே, வெளிச்சம் அந்தப் பள்ளத்துல விழணும்," என்றார். திருப்பினேன். விழுந்தது. வயரை அறுக்கவில்லை, குழாயை மறைக்கவில்லை. தளர்ந்த பின்பக்கத்தை மட்டும் அதே பச்சை வயர் வாங்கி இறுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் அக்கா வந்து நின்று பார்த்தார். "ஆக, கூடத்துக்கே வந்துடுச்சு."

"சும்மா வரல. ஒண்ணு குடுத்து ஒண்ணு எடுத்தது," என்றார் மாமியார். "நீ உக்காரு அக்கா. இதுல உக்காரலாம்."

மாமனார் பேப்பரோடு வாசலில் நின்று, தன் இடம் பறிபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அம்மா போன் செய்தால் என்னிடம் நாற்காலியைப் பற்றிக் கேட்பதில்லை. போன் முதலில் மாமியாரிடம்தான் போகிறது. நேற்றும் அப்படித்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, முக்காலிகளைத் துடைத்துக்கொண்டே மாமியார் கேட்டார்: "எங்க நாற்காலிய எங்க போட்டிருக்கீங்க, சம்மந்தி?"

"அவரு நாற்காலி இருந்த எடத்துலதான். வெறிச்சுன்னு இருந்துச்சு, இப்ப பரவால்ல."

"ஆடுதா?"

"ஆடாம? நல்லா ஆடுது. ஒரு காலுக்கு அட்டைய மடிச்சு வச்சேன், அப்புறம் எடுத்துட்டேன். ஆடுனா ஆடட்டும், சம்மந்தி. தனியா இருக்கிறப்ப அது பாட்டுக்கு ஒரு சத்தம் குடுக்குது."

மாமியார் சிரித்தார். ஜன்னலுக்கு எதிரே மாமனார் கிளாஸைப் பள்ளத்திலிருந்து எடுத்து, ஒரு வாய் குடித்து, பார்க்காமலேயே அதே இடத்தில் திரும்ப வைத்தார்.